மேட்டுக் கோயிலில் மட்டும் கேட்கும் ரேடியோ

நாள் 1: கொழும்பு – கம்பளை

காலை ஆறரைக்குக் கோட்டையில் பஸ் ஏறினேன். மலைநாட்டு ரயில் பாதையை டித்வா புயல் பல இடங்களில் அடித்துக்கொண்டு போய்விட்டதால் இந்தப் பயணம் முழுக்க பஸ்தான். பையில் இரண்டு உடுப்பு, ஒரு குடை, இரண்டு பேனா பற்றரியில் ஓடும் சின்ன ரேடியோ ஒன்று.

ரேடியோ எதற்கு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2025 நவம்பர் 27, 28 ஆகிய இரண்டு நாளும் நான் வெள்ளவத்தையில் ஒரு அறையில் உட்கார்ந்து புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் என் அத்தைக்கு விடாமல் போன் அடித்துக்கொண்டிருந்தேன். முதலில் மணி அடித்தது, எடுக்கவில்லை. அப்புறம் மணியே அடிக்கவில்லை. நாடு முழுக்க 600க்கும் அதிகமானவர்கள் செத்துப்போன புயல் அது. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண் சரிந்துதான் அதிகம் பேர் போனார்கள். மூன்றாம் நாள் யாரோ ஒருவருடைய போனிலிருந்து அத்தை பேசினார். "பள்ளிக்கூடத்துல இருக்கோம்மா, எல்லாரும் இருக்கோம்" என்றார். லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டை, விட்டுப் போகச் சொல்லி யார் சொன்னது என்று கேட்டேன். "கோயில் மைக்குல சொன்னாங்க. கீழ இருந்தவங்களுக்குத் தப்படிச்சுச் சொன்னாங்க."

தப்பு என்பது தோட்டத்துப் பறை. அந்தப் பதில் மாதக்கணக்காக என்னோடு இருக்கிறது. கோயில் மைக்குக்கு யார் சொன்னது? அதைத் தெரிந்துகொள்ளத்தான் போகிறேன்.

பஸ்ஸில் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு ஒரே அலைவரிசையில் ரேடியோவை விட்டு வைத்தேன். கேகாலை வரை தெளிவாக வந்தது. கடுகண்ணாவை ஏற்றத்தில் வளைவுக்கு வளைவு இரைச்சல். மலை மறைத்ததும் செய்தி வாசிப்பவரின் குரல் பாதி வார்த்தையில் நின்றது, அடுத்த வளைவில் வேறொரு வாக்கியத்தின் நடுவில் திரும்பி வந்தது. புயல் செய்தி கேட்கும் ஒருவருக்கு அந்த இடைவெளியில் தன் ஊரின் பெயர் போயிருக்கலாம்.

கம்பளையில் பற்றரி வாங்கிய கடை நானா சுவரில் ஒரு கோட்டைக் காட்டினார். மகாவலி உள்ளே வந்து நின்ற மட்டம் அது, என் தோளுக்கு மேலே. "முந்தி ஒரு பெட்டி பேனா பற்றரி ரெண்டு கிழமையில முடியும். இப்ப சுவர் மணிக்கூட்டுக்கும் ரிமோட்டுக்கும்தான் கேட்பாங்க. வெள்ளம் வடிஞ்ச பிறகு நாலு நாள் பாருங்க, ரேடியோ இருக்கா ரேடியோ இருக்கான்னு வந்து கேட்டாங்க. என்கிட்ட ஒண்ணுகூட இருக்கல்ல."

நாள் 2: கொத்மலை

இன்று அதிகம் நடக்கவில்லை. அணைக்கட்டைப் பார்க்கும் ஒரு தேத்தண்ணிக் கடையில் பாதி நாள் போனது.

கொத்மலை அணை 1985இல் திறக்கப்பட்டது. துரித மகாவலித் திட்டத்தில் ஒன்று, உயரம் 87 மீட்டர். கீழே தண்ணீருக்குள் பழைய கிராமங்களும் வயல்களும் இருக்கின்றன. நீர்மட்டம் இறங்கும்போது கடதொர விகாரையின் இடிபாடு தலை காட்டும். அங்கிருந்து கிளப்பப்பட்டவர்கள் புது மண்ணில் குடியேறிய காலத்தில்தான், 1981இல், மகாவலி சமூக வானொலி தொடங்கியது. யுனெஸ்கோவும் டென்மார்க்கின் உதவி அமைப்பும் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமும் சேர்ந்து செய்த வேலை. தயாரிப்பாளர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு கிராமத்துக்குப் போய், சில நாள் அங்கேயே தங்கி, சனங்களின் பேச்சையும் பாட்டையும் குறையையும் பதிந்து, அதையே ஒலிபரப்பினார்கள். 1989இல் இந்தக் கொத்மலையிலேயே ஒரு சிறு நிலையம் வந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் அதற்கு இணைய வசதி கிடைத்தபோது, நேயர்கள் எழுதிக் கேட்ட கேள்விகளுக்கு இணையத்தில் பதில் தேடி அவர்களுடைய மொழியில் வானொலியில் விளக்கினார்கள். கிராமத்தில் கணினியையே பார்த்திராதவர்களுக்கும் அந்த வழியில் விஷயம் போய்ச் சேர்ந்தது. உலகம் முழுக்க சமூக வானொலி பற்றிப் படிக்கிறவர்கள் கொத்மலையின் பெயரைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். நம்மவர்கள் பலருக்குத் தெரியாது என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கடையில் இருந்த சிங்களப் பெரியவர் ஒருவர், தன் அம்மா பாடிய நெல் குத்தும் பாட்டை அப்படி ஒரு குழு பதிந்துகொண்டு போனதாகச் சொன்னார். ரேடியோவில் அம்மாவின் குரல் வந்த அன்று ஊரே அவர்கள் வீட்டு முற்றத்தில் இருந்ததாம். "அதற்குப் பிறகு அந்த ரேடியோ சொன்னால் நாங்கள் நம்பினோம்" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் இங்கே வந்தது சரி என்று நினைக்கிறேன். அவசரம் வரும் நாளில் முதன்முதலாகப் பேச வரும் குரலை யாரும் நம்பி வீட்டை விட்டு இறங்க மாட்டார்கள். சாதாரண நாளில் மரக்கறி விலையும் கிளினிக் நாளும் சொன்ன குரலாக அது இருக்க வேண்டும்.

ஆனால் அந்த ஒலிபரப்பு பெரும்பாலும் சிங்களத்தில்தான் இருந்தது. நீர்த்தேக்கத்தைச் சுற்றி மேலே பார்த்தால் எல்லாம் தேயிலை, எல்லாம் தமிழ் லயங்கள்.

நாள் 3: புசல்லாவைக்கு மேலே

தோட்டத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று அத்தை கேட்டுக்கொண்டார், எழுதவில்லை. பிரதான வீதியில் இறங்கி ஆட்டோவில் இருபது நிமிடம். மேலே முருகன் கோயில், அதற்குக் கீழே மேட்டு லயம், இன்னும் கீழே, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையை ஒட்டிக் கீழ் லயம். இரண்டு லயத்துக்கும் நடுவில் செம்மண் தழும்பு ஒன்று மலை உச்சியிலிருந்து ஆறு வரை நீளமாக இறங்கியிருக்கிறது. அது வந்தது நவம்பர் 28 அதிகாலை.

அத்தை இஸ்தோப்பில் உட்காரவைத்து ரொட்டியும் கட்டசம்பலும் தந்தார். ரேடியோவை எடுத்து வைத்ததும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தாத்தா வச்சிருந்தது இதவிடப் பெரிசு. அது கெட்டு எத்தன வருசம். இப்ப எல்லாம் போன்லதானே." போட்டுப் பார்த்தோம். ஒரு நிலையமும் இல்லை, வெறும் இரைச்சல். வாசலில் இரைச்சல், பீலிக்கரையில் இரைச்சல். ரேடியோவைப் பிடித்தபடி தேயிலைக்குள் படி ஏறி நடந்தேன். மேட்டு லயத்தில் ஏதோ ஒரு பாட்டின் வால் கேட்டது. கோயில் வாசலுக்கு வந்ததும், அடைத்த காது திறந்ததுபோல ஐந்தாறு நிலையம் வரிசையாக வந்தன.

இதற்கான காரணம் எளிது. எஃப்எம் அலை டோர்ச் வெளிச்சம்போல நேராகப் போவது. உயர்ந்த சிகரங்களில் ஒலிபரப்புக் கோபுரம் வைப்பது அதனால்தான். நாட்டின் மிக உயர்ந்த மலையான பீதுறுதாலகாலையின் உச்சியிலேயே, 2,524 மீட்டரில், ஒளிபரப்புக் கோபுரங்கள் இருக்கின்றன. அவ்வளவு உயரத்திலிருந்து அனுப்பினாலும் இடையில் ஒரு மலைத் தொங்கல் வந்தால் அதன் நிழலில் இருக்கும் லயத்துக்கு ஒன்றும் வராது. தாத்தாவின் பெரிய ரேடியோ மத்திய அலையில் கேட்டது. அந்த அலை நிலத்தோடு ஒட்டிப் போகும், மேடு பள்ளத்துக்கு இவ்வளவு பயப்படாது. கொழும்பில் வானொலி தொடங்கியது 1925 டிசம்பர் 16. டித்வா அடித்து மூன்று கிழமைக்குள் அதற்கு நூறு வயது நிறைந்தது. நூறு வயதான ஒரு வசதி என் அத்தையின் வாசலுக்கு அன்று எட்டவில்லை.

சரி, அந்த இரவுக்கு வருகிறேன். கோயில் மைக்கில் பேசியவர் என்னை ஏற்றிக்கொண்டு வந்த அதே ஆட்டோத் தம்பி. கரண்ட் மத்தியானமே போய்விட்டது. கரண்ட் இல்லாத போன் கோபுரம் தன் பற்றரியில் சில மணி நேரம்தான் நிற்கும், இருட்டும்போது அதுவும் போய்விட்டது. ஆட்டோவைப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று கோயில் மேட்டில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். மழைக்கு உள்ளேயே உட்கார்ந்து ஆட்டோ ரேடியோவைப் போட்டார். மண்சரிவு சிவப்பு எச்சரிக்கை, பிரதேச செயலகப் பிரிவுகளின் பெயர்களோடு, சிங்களத்தில் போனது. டவுனில் ஆட்டோ ஓட்டுவதால் அவருக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். தமிழில் வரும் என்று காத்திருந்தார். பாட்டுத்தான் வந்தது.

"அதுக்கு மேல இருக்க ஏலாதுக்கா. பூசாரிய எழுப்பினேன். கரண்ட் இல்ல, மைக் செட் ஓடாதுன்னாரு. ஆட்டோ பற்றரியக் கழட்டிக் குடுத்தேன், பன்னெண்டு வோல்ட்டுதானே, ஓடிச்சு."

எச்சரிக்கையைத் தமிழில் சொன்னவர் அரசாங்க உத்தியோகத்தர் இல்லை, அறிவிப்பாளர் இல்லை. இருபத்தாறு வயதுத் தம்பி, நனைந்த சட்டையோடு, சிங்களத்தில் கேட்டதைத் தன் வாயால் மொழிபெயர்த்துச் சொன்னார். அவர் மேட்டில் ஆட்டோவை நிறுத்தாமல் இருந்திருந்தால்? சிங்களம் தெரியாதவராக இருந்திருந்தால்? 1987இல் வந்த 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. அந்தச் சட்டத்தின் பொருள் அப்படிப்பட்ட ஒரு ராத்திரியில்தான் தெரிய வேண்டும். எனக்கு இதில் ஆறாத கோபம் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை.

மேட்டு லயத்து ஆட்கள் இறங்கிவிட்டார்கள். கீழ் லயத்துக்கு மைக் கேட்கவில்லை, ஆற்று இரைச்சல் அப்படி. அங்கே போனவர் எழுபது வயது தாண்டிய தப்புக்காரத் தாத்தா. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராப் பக்கமாகச் சுற்றிப் போகும் பாதையில் டோர்ச் பிடித்துக்கொண்டு அவருடைய பேத்தி. ஒவ்வொரு வாசலிலும் நின்று அடித்திருக்கிறார். சாவுக்கு அடிக்கும் அடி அது, எல்லாருக்கும் தெரியும். யார் செத்தது என்று கேட்டுக்கொண்டே கதவைத் திறந்திருக்கிறார்கள். "யாரும் சாகல, மண்ணு வருது, பள்ளிக்கூடத்துக்கு ஓடுங்க" என்று கத்தியிருக்கிறார்.

ஒரு காலத்தில் இந்தத் தோட்டங்களில் விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்க, எழுப்பியது தப்பு. திருவிழா, சாவு, எல்லாச் செய்தியும் அதில்தான் வந்தது. எந்த அடி எந்தச் செய்தி என்று குழந்தைக்கும் தெரியும். அந்தத் தாத்தாவைச் சாயந்திரம் போய்ப் பார்த்தேன். தரையில் உட்காரப் போனவரை அத்தைதான் பிடித்துக் கதிரையில் உட்காரவைத்தார். தப்பு நனைந்து தோல் கெட்டுவிட்டதாம், இன்னும் மாற்றவில்லை. மாற்றுவதற்கு ஆகும் காசை நாங்கள் லயத்தில் சேர்த்துவிட்டோம்.

நாள் 4: அதே இடம்

காலையிலிருந்து மழை. எங்கும் போகவில்லை.

அத்தையின் பேரன் பத்தாம் வகுப்பு. அவனோடு உட்கார்ந்து ஒரு மழைமானி செய்தோம். நேரான சுவருள்ள பெரிய சோடாப் போத்தலின் தலையை வெட்டி, அதைக் கவிழ்த்து வாயில் புனல்போலச் செருகினோம். வளைந்த அடிப்பாகத்தில் கூழாங்கல் போட்டு, கல் மூடும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூச்சியம் என்று வைத்தோம். பக்கங்கள் நேராக இருந்தால் போதும், போத்தல் ஒல்லியோ பருமனோ, ஏறும் உயரம்தான் பெய்த மழை. தினமும் காலை எட்டரைக்குப் பார்த்துவிட்டுப் பூச்சியம் வரை கொட்டிவிட வேண்டும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழைக் கணக்கும் எட்டரைக்கு எட்டரைதான்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு வைத்திருக்கும் கணக்கு இப்படி: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் விழிப்பாக இரு. 100 தாண்டினால் வெளியேறத் தயாராகு. 150 தாண்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 பெய்தால், வெளியேறு. அத்தையிடம் இதைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "75ன்னா எவ்வளவு?" என்றார்.

என்னிடம் அடிமட்டம் இல்லை. அவரே சோற்றுப் பானையில் தண்ணீர் அளப்பதுபோலப் போத்தலில் நான்கு விரலைச் சேர்த்து வைத்தார். பேரன் கொப்பியில் கணக்குப் போட்டான். ஒரு விரக்கடை, அதாவது ஒரு விரல் அகலம், கிட்டத்தட்ட 19 மில்லிமீட்டர். நான்கு விரக்கடை 76. எட்டு விரக்கடை 152. நான்கு விரலோடு கட்டைவிரலும் சேர்ந்த கை அகலம் ஏறக்குறைய 100. மூன்று எல்லையும் ஒரு கையில் இருக்கின்றன! நாலு விரக்கடைக்கு விழிச்சிரு, ஒரு கைக்கு மூட்டையைக் கட்டு, எட்டு விரக்கடைக்கு எறங்கு. அத்தை இதைத் திருப்பிச் சொன்ன வேகத்தில் அடுத்த வீட்டு அக்காவுக்கும் பாடமாகிவிட்டது. நகப்பூச்சால் போத்தலில் மூன்று கோடு போட்டான். முதல் கோட்டுக்கு அவனிடம் மஞ்சள் இல்லை, பச்சை போட்டிருக்கிறான்.

இன்னொன்றும் தெரிந்தது. தோட்டத்து ஆபீசில் மழைமானி இருக்கிறது, தினமும் குறித்துவைக்கிறார்கள். தேயிலைக்காக அந்தக் கணக்கு. அந்த எண் ஒரு நாளும் லயத்துக்கு இறங்கி வந்ததில்லை. பேரன் கோயில் தலைவரிடம் ஒன்று கேட்டிருக்கிறான்: காலைப் பூசைக்கு மைக் போடும்போது மழை எவ்வளவு என்று ஒரு வரி சொல்லலாமா? யோசித்துச் சொல்கிறேன் என்றாராம்.

போத்தலை மட்டும் நம்பக் கூடாது என்றும் சொல்லிக்கொடுத்தேன். தரையில் புது வெடிப்பு, மரம் சாய்வது, கதவு இறுகுவது, பீலித் தண்ணீர் திடீரென்று கலங்குவது அல்லது நிற்பது, இதில் எதைக் கண்டாலும் கோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் இறங்க வேண்டும். போன் வேலை செய்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. அந்த எண்ணைக் கதவுக்குப் பின்னால் கரியால் எழுதிவிட்டு வந்தேன்.

இரவு கோயில் மேட்டில் ரேடியோவில் மரண அறிவித்தல் கேட்டோம். அத்தை ஊர்ப் பெயர்களை மட்டும் கவனமாகக் கேட்டார். தெரிந்த ஊர் வந்தால் "ஐயோ" என்பார், தெரியாத ஊருக்கும் ஒரு பெருமூச்சு.

நாள் 5: நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை

பஸ், பஸ், பஸ். வழி நெடுக சிவப்புத் தழும்புகள். எண்ணத் தொடங்கி றம்பொடைக்கு மேலே நிறுத்திவிட்டேன்.

நாள் 6: கொஸ்லந்தை

ஹல்துமுல்லைப் பிரதேசத்தில் கொஸ்லந்தைக்கு மேலே மீரியபெத்தை. 2014 அக்டோபர் 29 காலை ஏழரை மணியளவில், பெரட்டு முடிந்து ஆட்கள் வேலைக்குப் போன, பிள்ளைகள் பள்ளிக்கூடம் புறப்பட்ட நேரத்தில், மலை இறங்கி லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடம் இல்லை. இப்போது அங்கே புல்லும் மானாவும் மண்டிக்கிடக்கின்றன. வெறும் சரிவு என்று நினைத்துக்கொண்டு யாரும் தாண்டிப் போய்விடலாம்.

இந்த இடம் ஆபத்து என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. அந்த எச்சரிக்கை எந்த மொழியில், எந்த வாயால், எந்த வாசலுக்குப் போனது? வழியில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா நின்று பேசினார். "சொன்னாங்கதான். ஆனா எங்க போறது? லயம் தோட்டத்துது, மண்ணும் தோட்டத்துது. வேற எடம் குடுத்திருந்தா போயிருப்போம்ல."

நான் ரேடியோவைப் பற்றி ஆறு நாளாக எழுதுகிறேன். ஆனால் ஓடு என்று சொல்லும் குரல் மட்டும் இருந்தால் போதாது, ஓடிப்போய் நிற்க ஒரு துண்டு நிலமும் வேண்டும். இருநூறு வருடமாக இந்த மலையில் உழைத்தவர்களுக்குச் சொந்தமாக ஒரு வீட்டு நிலம் கொடுக்காமல் எச்சரிக்கை மட்டும் கொடுப்பது நியாயமில்லை. இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும். நான் கேட்கிறேன்.

அந்த அம்மாவிடம் விரக்கடைக் கணக்கைச் சொன்னேன். கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கையை விரித்துப் பார்த்தார். கறை ஏறிய விரல்கள். நான்கையும் சேர்த்தார், கட்டைவிரலைச் சேர்த்தார். "எங்க ஸ்டோருக்குப் பக்கத்துலயும் ஒரு கோயில் இருக்கு" என்றார்.

இரவு பண்டாரவளையில் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அத்தையின் பேரனிடமிருந்து போன். கோயில் தலைவர் சம்மதித்துவிட்டார். இன்று காலை முதல்முறையாக மைக்கில் சொன்னானாம்: "நேத்துப் பேஞ்ச மழை அரை விரக்கடை." மேட்டு லயத்தில் எல்லாருக்கும் கேட்டது. கீழ் லயத்திலிருந்து ஒரு அக்கா ஏறி வந்து, பீலியில் தண்ணி விழும் சத்தத்தில் தனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று சண்டை பிடித்திருக்கிறார். நாளைக்கு அந்தக் குழாய் ஸ்பீக்கரைப் பீலிப் பக்கம் திருப்பிக் கட்டப் போகிறார்களாம். ஆட்டோத் தம்பி ஏணி கொண்டு வருகிறார்.